ஒரே வயல் நெல், தட்டுக்குத் தட்டு வேறு சீனி: வன்னிச் சாப்பாட்டில் மாப்பொருள்

வன்னியில் ஒருவருக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தவுடன் வீட்டில் சோற்றுப் பானை சிறுத்துவிடுகிறது. "சோத்தைக் குறையுங்கோ" என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவரும் குறைக்கிறார். இரவில் சோற்றுக்குப் பதில் பாண். காலையில் குரக்கன் கஞ்சி. இடையில் பசித்தால் தேத்தண்ணியோடு நாலு பிஸ்கட். தேத்தண்ணியில் சீனி அடியோடு இல்லை. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது இரத்தச் சீனியின் எண் பெரிதாக இறங்கியிருப்பதில்லை. அப்புறம் மனம் விட்டுப்போகிறது. மருந்தைக் கூட்டுகிறார்கள். சோறும் இல்லை, சுகமும் இல்லை என்ற நிலை.

இப்படித் தவிப்பவர்கள் இன்று கொஞ்சப் பேர் இல்லை. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் எடுத்த கணக்கில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. 2018, 2019 இல் எடுத்த கணக்கில் அது ஐந்தில் ஒருவரைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பேருக்கும் சேர்த்து "சோத்தைக் குறை" என்ற ஒற்றை வரி போதாது என்பது என் எண்ணம். சோற்றின் அளவு முக்கியம்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு எது வருகிறது, அது எப்படிச் சமைக்கப்பட்டது, எதோடு சேர்த்து உண்ணப்படுகிறது என்பவை அளவுக்குச் சற்றும் குறையாத விடயங்கள். அவற்றைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

முதலில் ஒரு கணக்கு. வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லீற்றர் இரத்தம் இருக்கிறது. நல்ல நிலையில் ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோசு என்று வைத்துக்கொண்டால், முழு இரத்தத்திலும் ஓடும் குளுக்கோசு 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி சீனியின் நிறை அது. இப்போது கால் றாத்தல் பாணை எடுங்கள். 450 கிராம் பாணில் கால்வாசி, அதாவது 112 கிராம் சொச்சம். அதில் 50 கிராமுக்கு மேல் மாப்பொருள். மாப்பொருள் முழுவதும் குளுக்கோசு மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. நாக்குக்கு இனிக்காது, ஆனால் குடலில் அறுபட்டதும் அத்தனையும் குளுக்கோசு. இரத்தத்தில் ஏற்கனவே இருப்பதைப் போலப் பத்து மடங்கு, ஒரு வேளைப் பாணிலிருந்து உள்ளே வருகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யும் உடலில் இது தசைக்கும் ஈரலுக்கும் உடனுக்குடன் ஒதுங்கிவிடும். நீரிழிவு உள்ளவரிடம் ஒதுங்கும் வேகம் குறைவு. ஆகவே, எவ்வளவு உள்ளே வருகிறது என்பதோடு எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதும் அவருக்கு உயிர்ப் பிரச்சினை. அதே 50 கிராம் அரை மணித்தியாலத்தில் வந்து கொட்டினால் ஒரு விளைவு, மூன்று மணித்தியாலமாக ஊறி வந்தால் வேறு விளைவு.

அந்த வேகத்தைத் தீர்மானிப்பதில் முதல் பங்கு சங்கிலியின் வடிவத்துக்கு. மாப்பொருளில் இரண்டு வகைச் சங்கிலி உண்டு. அமைலோசு பெரும்பாலும் நேராக நீண்டு, சுருள் சுருளாகத் திரும்பி, நெருக்கமாக அடுக்கி இருக்கும். அமைலோபெக்டின் இருபது முப்பது குளுக்கோசுக்கு ஒருமுறை கிளைவிட்டுப் பரந்து கிடக்கும். நொதியங்கள் சங்கிலியை வெட்டுபவை. நேர்ச் சங்கிலியில் அவற்றுக்குக் கிடைக்கும் முனைகள் கொஞ்சம், கிளைச் சங்கிலியில் ஏராளம். நெல்வயலில் ஒரு பக்க வரம்பில் மட்டும் ஆள் இறங்கி அருவி வெட்டுவதற்கும், நாலு பக்கமும் ஆட்கள் இறங்கி வெட்டுவதற்கும் எவ்வளவு வேறுபாடு, அவ்வளவு இங்கேயும்.

பள்ளிக்கூடத்தில் சோற்றின்மீது அயடீன் விட்டுக் கருநீலம் வருவதைப் பார்த்திருப்போம். அந்த நீலம் அமைலோசு தரும் நிறம்: அயடீன் அதன் சுருளுக்குள் புகுந்து நிற்கிறது. அமைலோசு அறவே இல்லாத ஒட்டரிசியில் விட்டால் செம்மண்ணிறம்தான் வரும். சுருளுக்குள் அயடீன் புகுவதுபோலக் கொழுப்பும் புகும். அது பின்னால் தேவைப்படும் செய்தி, நினைவில் இருக்கட்டும்.

அரிசியை அரிசியோடு ஒப்பிட்டால் அமைலோசின் அளவு மிகவும் வேறுபடுகிறது. கிழக்காசியாவின் ஒட்டரிசியில் 2 சதவீதம் வரைதான். ஒட்டி ஒட்டி வேகும் சில இனங்களில் 10 முதல் 20 வரை. 25 சதவீதத்துக்கு மேற்பட்டால் அதை அமைலோசு கூடிய அரிசி என்கிறார்கள். இலங்கையில் பயிராகும் நெல்லினங்களில் பெரும்பாலானவை, பழைய இனமோ புது இனமோ, இந்தக் கூட்டத்தில்தான் வருகின்றன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய நம் குளங்களின் கீழ் விளைகிற நெல்லும் பொதுவில் அந்தக் குணம் உள்ளதுதான். உதிரியாக வேகும், ஆறினால் விறைக்கும். சோறு விறைத்துப்போகிறது என்று நாம் குறைசொல்கிற அந்தக் குணம் நீரிழிவுக்காரருக்கு நன்மை. ஆக, "அரிசி கூடாது" என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதற்குமுன், உலகத்து அரிசிகளுக்குள் நம் வயல் தருவது ஒப்பீட்டளவில் நல்ல பக்கத்தில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிரச்சினை பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகு தொடங்குகிறது.

பச்சை மாப்பொருள் இறுகிய மணிகளாக இருக்கிறது. நொதியம் அதற்குள் நுழைவது கடினம். தண்ணீரோடு சூடேறி 60 முதல் 80 பாகை வரும்போது மணி தண்ணீரை இழுத்து வீங்கி, ஒழுங்கு குலைந்து, கூழாகிறது. அப்போதுதான் அது சமிபாட்டுக்குத் திறக்கிறது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், எவ்வளவு குழைவு என்பதைப் பொறுத்துத் திறக்கும் அளவும் மாறும். பதமாக வடித்த சோறு ஒரு வேகம், குழைய விட்ட சோறு இன்னொரு வேகம். ஆறும்போது எதிர்ப்பக்கமாக ஒன்று நடக்கிறது: குலைந்த சங்கிலிகள் திரும்ப நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. அமைலோசு சில மணித்தியாலத்திலேயே அடுக்கிவிடும், அமைலோபெக்டினுக்கு நாட்கள் எடுக்கும். இப்படி மீண்டும் அடுக்கிய பகுதியில் ஒரு பங்கு சிறுகுடலில் உடைபடாமல் பெருங்குடல்வரை போகிறது. எதிர்ப்பு மாப்பொருள் என்று அதைச் சொல்கிறார்கள். அங்குள்ள பக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் ஒன்றான பியூட்ரிக் அமிலம் பெருங்குடல் சுவரின் கலங்களுக்கே உணவு.

1980களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் ஹான்ஸ் எங்கிளிஸ்ட் குழுவினர் இந்த எதிர்ப்பு மாப்பொருளை இனங்கண்டார்கள். பின்னர் 1992 இல், ஆய்வுகூடத்தில் நொதியம் சேர்த்து 20 நிமிடத்துக்குள் உடைவது விரைவு மாப்பொருள், 20 முதல் 120 நிமிடத்துக்குள் உடைவது மெதுவானது, அதற்குப் பிறகும் மிஞ்சுவது எதிர்ப்பு மாப்பொருள் என்று வகுத்தார்கள். ஒரே உணவில் மூன்றும் கலந்தே இருக்கும், விகிதம்தான் மாறும். அந்த விகிதத்தை நம் அடுப்படி எப்படி மாற்றுகிறது என்பதுதான் இனி நான் சொல்ல விரும்புவது.

நெல் அவிப்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இந்த விடயத்தில் நம் முன்னோர் விட்டுப்போன மிகப் பெரிய சொத்து அது. நெல்லை ஊறவைத்து, அண்டாவில் அவித்து, உமி வெடிக்கும் பதத்தில் இறக்கி, பாயிலோ களத்திலோ பரப்பிக் காயவிட்டு, பிறகு குத்துவது. ஊறும்போது தண்ணீர் மணிக்குள் போகிறது. அவியும்போது மாப்பொருள் உமிக்குள்ளேயே கூழாகிறது. காயும்போது அது மீண்டும் இறுகி அடுக்கிக்கொள்கிறது. அதாவது அரிசி உலைக்கு வரும் முன்பே ஒருமுறை வெந்து ஆறிவிட்டது. அதோடு தவிட்டில் உள்ள தயமின் போன்ற விற்றமின்கள் உள்ளே நகர்ந்துவிடுவதால் தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அமைலோசு கூடிய வங்காளதேச நெல்லினம் ஒன்றைப் பச்சையாகவும், வழமைபோல அவித்தும், அமுக்கத்தில் அவித்தும் நீரிழிவு நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அமுக்கத்தில் அவித்த அரிசி பச்சையரிசியைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவாகச் சீனியை ஏற்றியது. வழமையான அவியல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஒரே நெல், ஒரே மனிதர்கள், அவித்த விதம் மட்டும் வேறு.

அவியலோடு தவிடும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. பூநகரியின் மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற சிவப்பு நெல்லினங்களின் நிறம் முழுவதும் தவிட்டுப் படையில்தான் இருக்கிறது. அந்த நிறத்தைத் தருகிற பொருட்கள் சமிபாட்டு நொதியங்களை ஓரளவு மந்தப்படுத்துகின்றன என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் ஆலையில் நன்றாகத் தீட்டி, ஆங்காங்கே சிவப்புக் கீற்று மட்டும் தெரிகிற அரிசியைச் "சிவப்பரிசி" என்று கூடிய விலை கொடுத்து வாங்கினால் அந்தப் பயன் பெரும்பாலும் தவிட்டோடு மாட்டுக்குப் போய்விட்டது. சொந்த நெல்லை ஆலைக்குக் கொண்டுபோகிறவர்கள் "ஒருக்கால் மட்டும் விடுங்கோ, தீட்ட வேண்டாம்" என்று கேட்டு வாங்கலாம். வன்னியில் இன்னும் அந்த வசதி இருக்கிறது. நெல்லை அப்படியே விற்றுவிட்டு வேறு ஊர் ஆலையின் வெள்ளை அரிசியைக் கடையில் வாங்கிச் சாப்பிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற காட்சி.

அடுத்தது மா. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். முழு அரிசிக்கும் அதே அரிசியை இடித்த மாவுக்கும் சத்துக் கணக்கில் வேறுபாடு இல்லை, இரத்தத்தில் இருக்கிறது. 1980 இல் அவுஸ்திரேலியாவில் கெரின் ஓடீயும் கூட்டாளிகளும் இதைச் சோதித்தார்கள். ஒரே அரிசியை முழுதாகவும் அரைத்தும் சமைத்துக் கொடுத்தபோது, அரைத்த அரிசி சீனியையும் இன்சுலினையும் மிகத் தெளிவாகக் கூடுதலாக உயர்த்தியது. காரணம் எளிது. முழு மணியில் நொதியம் வெளியிலிருந்து உள்ளே அரித்துப்போக வேண்டும். மாவில் எல்லாமே வெளிப்பரப்பு.

அப்படியானால் புட்டும் இடியப்பமும்? இரண்டும் மாதான். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேச முடியாது. இடியப்ப மா கொதிதண்ணீரில் குழைந்து, மெல்லிய இழையாகப் பிழியப்பட்டு, ஆவியில் முழுவதும் வேகிறது. சொதியோடு சேர்ந்தால் பல்லுக்கு வேலையே இல்லை. புட்டு மா கொஞ்சத் தண்ணீரில் உதிர் உதிராகக் கொத்தப்பட்டு, தேங்காய்ப்பூவோடு நீத்துப்பெட்டியில் அவிகிறது. தேங்காயின் கொழுப்பும் நாரும் உடன் இருக்கின்றன. அதனால் புட்டுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, அது வறுத்த சிவப்பரிசி மாவாக இருந்தால். கோதுமை மாவை அவித்து அரித்துச் செய்கிற வெள்ளைப் புட்டுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதோடு மாம்பழமோ வாழைப்பழமோ சீனியோ சேர்த்துப் பிசைந்தால் சொல்லவே வேண்டாம். இடியப்பம் பத்துப் பன்னிரண்டு சாப்பிடுகிற வழக்கம் உள்ளவர் நாலுடன் நிறுத்திக்கொண்டு, மீன் குழம்பையோ பருப்பையோ கூட்டிக்கொள்வது நல்லது.

கோதுமை மா நம் வீடுகளில் இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு வரலாறும் உண்டு. 2009 இல் முகாம்களில் நிவாரணமாகக் கிடைத்தது அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. அதில்தான் ஒரு தலைமுறை பிழைத்தது. மீள்குடியேறி வந்த பிறகும் விறகும் நேரமும் குறைவாக இருந்த வீடுகளில் மா ரொட்டியும் பாணும்தான் கைக்கு எட்டின. அதைச் சாப்பிட்டதற்காக யாரையும் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் இன்று காணியில் நெல்லும் பயறும் விளைகிறபோது, பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஆட்டோவை இரவுச் சாப்பாட்டுக்கு நம்பியிருக்கத் தேவையில்லை. பாண் பஞ்சுபோல் காற்றோட்டமாக இருப்பதால் வயிற்றில் உடனே கரைகிறது, உள்ளிருக்கும் மாப்பொருள் முழுவதும் திறந்தே இருக்கிறது. அதே கோதுமையில் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய இறுக்கமான ரொட்டி பாணைவிட மெதுவாகவே கரையும்.

குரக்கனைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அதன்மீது நம் ஆட்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. குரக்கன் நல்ல தானியம். கல்சியம், நார்ச்சத்து, நொதியத்தை மந்தப்படுத்தும் பொலிபீனோல்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதை நைசாக அரைத்து, நிறையத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கக் கொதிக்கக் கிண்டிக் கஞ்சியாகக் குடித்தால் மாப்பொருளைத் திறப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையையும் செய்துவிட்டோம். "குரக்கன்தானே" என்று இரண்டு கோப்பை குடிக்கிறவர் அளவோடு சோறு சாப்பிடுகிறவரைவிடச் சீனி ஏறி நிற்கலாம். குரக்கனைக் கொரகொரப்பாக அரைத்து, தேங்காய்ப்பூவோடு ரொட்டியாகவோ புட்டாகவோ, ஒரு மரக்கறியோடும் மீனோடும் சாப்பிட்டால் அதன் பயன் கிடைக்கும். சாமைக்கும் இது பொருந்தும்: முழுத் தானியமாகச் சோறாக்கினால் ஒன்று, மாவாக்கிக் கரைத்தால் வேறொன்று.

பயறு, கௌபி, உழுந்து, கடலை வகையறாவுக்கு என் மனதில் தனி இடம். இவற்றின் மாப்பொருளில் அமைலோசு கூட. அதற்கும் மேலாக, ஒவ்வொரு கலத்துக்கும் தடித்த சுவர் இருக்கிறது, அவித்தாலும் அந்தச் சுவர் எளிதில் உடையாது. மாப்பொருள் வெந்திருந்தும் உள்ளே அடைபட்டே குடலுக்குள் போகிறது. புரதமும் நாரும் வேறு. இன்னொரு குணமும் உண்டு: ஒரு வேளை பருப்பு வகை சாப்பிட்டால் அதன் பயன் அடுத்த வேளைவரை நீளும். இரவில் பருப்பு வகை சாப்பிட்டவருக்கு மறுநாள் காலைச் சாப்பாட்டின் ஏற்றமும் சற்றுக் குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே, பாணுக்குப் பதில் இரவில் ஒரு கோப்பை அவித்த பயறோ கௌபியோ, சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு, என்பதுதான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது. மேட்டுக்காணியில் இவை விளைகிற மாவட்டங்கள் நம்முடையவை. கடையில் வாங்கினாலும் ஒரு குடும்பத்துக்குத் தாங்கும். உழுந்தை அரைத்துத் தோசையாக்கினால் சுவர் உடைந்துவிடும்தான், ஆனாலும் உழுந்து கூடச் சேர்த்த தோசை வெறும் அரிசித் தோசையைவிட மேல்.

கிழங்குகள் சுருக்கமாக. மரவள்ளியில் அமைலோசு நம் அரிசியைவிடக் குறைவு, அளவு தவறினால் நன்றாகவே ஏற்றும். அதைச் சோற்றுக்குக் கறியாக வைத்தால் மாப்பொருளுக்கு மாப்பொருளே கறி. உருளைக்கிழங்குக் கறிக்கும் அப்படித்தான். அவித்து, சம்பலோடும் மீனோடும் ஒரு வேளை உணவாகச் சாப்பிடுகிற பழைய வழக்கமே சரி. வத்தாளங்கிழங்கைச் சுடுவதைவிட அவிப்பது நல்லது, ஜமேக்காவில் செய்த அளவீடுகளில் அவித்ததற்கும் சுட்டதற்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. பனங்கிழங்கை அவித்துக் காயவைக்கிற புழுக்கொடியலில் நடப்பதும் நெல் அவியலில் நடப்பதும் ஒன்றே: வெந்து, ஆறி, இறுகியது. அதைக் கடித்துத் தின்ன நேரம் எடுக்கும், அந்த நேரமும் நன்மையே. ஒடியல் கூழ் மாவில் செய்வதுதான், ஆனால் சட்டியில் மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் பழப்புளியும் சேர்ந்துவிடுவதால் வெறும் மாக்கஞ்சி போல அது வேலைசெய்யாது. புளிப்பு இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதிக்கும், புரதமும் அப்படியே.

ஆறிய சோற்றுக்கு வருவோம். இந்தோனேசியாவில் 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் எதிர்ப்பு மாப்பொருள் இருந்தது. அறை வெப்பத்தில் பத்து மணித்தியாலம் ஆறியதில் 1.30 கிராம். ஒரு நாள் குளிரூட்டித் திரும்பச் சூடாக்கியதில் 1.65 கிராம். அந்தக் கடைசிச் சோறு சீனியை ஏற்றியதும் குறைவு. அதே ஆண்டு கொழும்பில் சுதைர் ஜேம்ஸ் என்ற மாணவரும் அவருடைய ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவும், உலைத்தண்ணீரில் தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டு அரிசியை வேகவைத்து, பன்னிரண்டு மணித்தியாலம் குளிரூட்டினால் எதிர்ப்பு மாப்பொருள் பல மடங்கு கூடுகிறது என்று அமெரிக்க வேதியியல் சங்கத்தின் மாநாட்டில் சொன்னார்கள். அமைலோசுச் சுருளுக்குள் கொழுப்பு புகும் என்று முன்னே சொன்னேன், அதுதான் இங்கே வேலைசெய்கிறது. அந்தச் செய்தி உலகம் முழுவதும் பரவி, சோற்றின் கலோரி பாதியாகிவிடும் என்ற அளவுக்கு ஊதப்பட்டது. அது ஆய்வுகூட அளவீடு. மேலே சொன்ன எண்களைப் பாருங்கள்: 100 கிராம் சோற்றில் 28 கிராம் அளவு மாப்பொருள் இருக்க, எதிர்ப்பு மாப்பொருள் கூடியது ஒரு கிராம். உதவிதான், ஆனால் இரண்டு அகப்பை சோறு கூடப் போடுவதற்கு அது அனுமதி ஆகாது.

வன்னி வெக்கையில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. சமைத்த சோற்றை மூடி வெளியே வைத்தால், சூட்டில் சாகாத பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் முளைத்து நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சைத் திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் சோற்றைப் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். இல்லாதவர்களுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிற பழஞ்சோற்று முறை ஓரளவு பாதுகாப்பு, ஏனெனில் புளிக்கும்போது உண்டாகும் அமிலம் கிருமிகளை அடக்குகிறது. காலையில் மணமோ வழுவழுப்போ மாறியிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

உணவுகளை எண்ணால் வரிசைப்படுத்துகிற கிளைசீமிக் குறியீட்டை 1981 இல் தொரன்றோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்தார்கள். சமிபாடடையும் 50 கிராம் மாச்சத்து உள்ள உணவைக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் சீனியைப் பார்த்து, குளுக்கோசை 100 என்று வைத்து ஒப்பிடுவது. 55க்குள் குறைவு, 70க்கு மேல் உயர்வு. பயனுள்ள அளவுகோல், ஆனால் அது தனி உணவை அளக்கிறது. நாமோ கறிகளோடு சாப்பிடுகிறவர்கள். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கைச் சாப்பாட்டை இப்படி அளந்தபோது, பாணைப் பருப்போடும் சோற்றைப் பருப்பு, கீரையோடும் கொடுத்தால் எண் இறங்குவதைக் கண்டார்கள். முருங்கையிலை வறையையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குக் கடைசியில் வந்தாலே ஏற்றம் குறைகிறது என்றும் பிற நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. காசில்லாத மருந்து இது. இன்னொரு பக்கம், குறியீட்டு எண் குறைவு என்பதற்காக அளவை மறக்கவும் கூடாது. ஒரு தட்டில் 400 கிராம் குத்தரிசிச் சோறு இருந்தால் 110 கிராம் மாச்சத்து உள்ளே போகிறது, அதை எந்த அமைலோசும் காப்பாற்றாது.

அந்த 400 கிராம் தட்டு ஒரு காலத்தில் நியாயமாகவே இருந்தது. அருவி வெட்டும் சூடடிப்பும் கையால் நடந்த காலம். வேலைசெய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். இப்போது மெசின் ஒரு ஏக்கரை வெட்டி மூட்டையாக்கித் தருகிறது, வயலுக்குப் போவது மோட்டார் சைக்கிளில், தட்டு மட்டும் அப்பாவின் தட்டு. சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுந்து காணியைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே அந்த வேளையின் ஏற்றம் கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும்.

கண்ணுக்குத் தெரிவது என்பதில்தான் பெரிய சிக்கல். கிளினிக்குக்கு வெறுவயிற்றில் போய் இரத்தம் கொடுக்கிறோம். இரவு முழுவதும் உண்ணாமல் இருந்த உடலின் சீனி அது. முதல்நாள் இரவு பாண் என்ன செய்தது, காலைக் கஞ்சி என்ன செய்யும் என்பதை அந்த எண் சொல்லாது. மூன்று மாதச் சராசரியைச் சொல்கிற எச்பிஏ1சி சோதனை ஓரளவு சொல்லும், ஆனால் எந்த உணவால் என்று சொல்லாது. வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால், சோதனைப் பட்டிகள் விலை என்பதால், வெறுவயிற்றில் தினமும் குத்துவதைவிட இப்படிச் செலவழிக்கலாம்: ஒரு நாள் இடியப்பம், இன்னொரு நாள் அதே நேரத்தில் சிவப்பரிசிப் புட்டு, மற்றொரு நாள் அவித்த கௌபி. சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் ஒருமுறை. பொதுவாக டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராமுக்குக் கீழ் நிற்பது இலக்கு. மனிதருக்கு மனிதர் விளைவு மாறும், அதனால் உங்கள் விரல் சொல்கிற எண்ணுக்கு அட்டவணையைவிடப் பெறுமதி அதிகம். அந்தக் குறிப்பை ஒரு கொப்பியில் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் வைத்தியரும் மருந்தை அதற்கேற்பப் பார்ப்பார்.

மருந்து என்றதும் ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். இன்சுலின் ஊசியோ, கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசைகளோ எடுக்கிறவர்கள் திடீரென்று பாணை விட்டுக் கௌபிக்கு மாறினால் சீனி தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். மாற்றத்துக்கு முன் வைத்தியரோடு பேசுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து எண் 70க்குக் கீழ் இறங்கினால் அந்த நேரத்தில் மெதுவான மாப்பொருள் எதுவும் உதவாது. 15 கிராம் குளுக்கோசையோ மூன்று தேக்கரண்டி சீனியையோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் மறுபடியும் அதே அளவு. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அக்கார்போஸ் என்ற குளிசை எடுக்கிறவர்களுக்குச் சாதாரணச் சீனி வேலைக்கு ஆகாது, ஏனென்றால் சீனியை உடைக்கும் நொதியத்தையே அந்தக் குளிசை தடுக்கிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோசுப் பெட்டி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். எண் சரியாக ஏறிய பிறகுதான் சோறோ கௌபியோ, மீண்டும் இறங்காமல் பிடித்து வைப்பதற்கு.